நாலாவது கட்டம்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: உலகம் இதுவரை கண்டுகொள்ளாத மாபெரும் கார்ட்டூன் மேதை, எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டார்.

மேடையில் விமர்சகர் திருமுருகன் முழங்கிக்கொண்டிருந்தார். மேதை பவானியோ, சுவரில் மாட்டியிருந்த தன் பழைய தாள் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்காட்சி முடிந்ததும் எல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுமாம்.

"எல்லாப் படக்கதையிலும் நாலு கட்டம். இதில் மட்டும் நாலாவது காலி. மௌனத்தின் உச்சம்! எப்படித் தோன்றியது, அம்மா?" அதே தாளைக் காட்டிக் கேட்டார் திருமுருகன்.

புரியாமலே கூட்டம் கைதட்டியது.

"இன்னாத்த தோணும், நைனா? மூணு கட்டம் நான் வரைஞ்சி சோத்துத்தூக்குல வெச்சி அனுப்புவேன். நாலாவத எங்க வூட்டுக்காரரு கடல்ல வரைஞ்சி எடுத்தாருவாரு. இத்த மட்டும் திருப்பிக் குடுத்துடு."

"இதில் ஏன் வரையவில்லை?"

"அன்னிக்கி படகும் சோத்துத்தூக்கும் மட்டுந்தான் திரும்பி வந்துச்சி."