கூரைக்குப் போன கோடு

"சூதாட்டக் காசு ஒரு பெசெவாகூட இந்த வீட்டுக்குள் நுழையாது" என்று பாஸ்டர் சபை மேடையில் முழங்கியபோது எக்கோ பைபிளுக்கு நடுவில் கைபேசியை ஒளித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கணக்குச் செயலியில் லாப நஷ்டக் கோடு பூஜ்யத்துக்குக் கீழே நின்றது.

ரொம்பக் கீழே இல்லை. இரண்டு உருண்டை மக்காச்சோளக் கெங்கேயும் ஒரு பொரித்த மீனும் வாங்கும் காசுதான் துண்டு விழுந்திருந்தது. ஆனாலும் கீழே என்றால் கீழேதான்.

போன அறுப்பின் பண்டிகை முடிந்த கையோடு அவன் மனைவி அராபா போட்ட நிபந்தனை அது. ஒரு வருஷம் இணையத்தில் போக்கர் சீட்டு ஆடிக்கொள். எத்தனை மணி நேரம் ஆடினாய், எவ்வளவு ஜெயித்தாய், எவ்வளவு தோற்றாய், அதற்காக என்ன செலவு செய்தாய், எல்லாம் அன்றன்றே செயலியில் ஏற வேண்டும். அடுத்த பண்டிகையில் கோடு மேலே இருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன். கீழே இருந்தால் கம்ப்யூட்டரை விற்றுவிட்டு என் அண்ணன் கடைக்குப் போ. அந்த அடுத்த பண்டிகை இன்றைக்குத்தான்.

அண்ணன் ஃபீஃபிக்குத் தகோராடி சந்தையில் லாரி உதிரிபாகக் கடை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே தூங்குகிற மச்சானுக்கு ஒரு முக்காலி போட்டு வைத்திருக்கிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். எக்கோ என்ன ஆடுகிறான் என்பது அராபாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

இணையக் கட்டணம் ஒன்றை அழித்தால் போதும், கோடு மேலே ஏறிவிடும். எக்கோவின் விரல் அங்கே போகவில்லை. ஆடும்போது கொறித்த வேர்க்கடலையைக்கூடக் கணக்கில் ஏற்றியவன் அவன். தோற்றாலும் கணக்கில் பொய் இல்லை. அந்தப் பெருமையோடு முக்காலியில் போய் உட்காரலாம் என்று நினைத்தபோதுதான் ஒலிபெருக்கியில் அவன் பெயர் கேட்டது.

இந்த வருஷம் தசமபாகக் காணிக்கையில் சபையிலேயே முதலிடம் சகோதரர் எக்கோ அர்ஹின் என்றார் பாஸ்டர். நம் தலைக்கு மேலே இருக்கும் புதுக் கூரையில் பாதிக்கு மேல் அவர் கொடுத்தது என்றார்.

மேளம் கிளம்பியது. சபை முழுக்க வெள்ளைக் கைக்குட்டைகள் ஆடின. எக்கோ பைபிளை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு, வழக்கப்படி ஆடிக்கொண்டே முன்னால் போனான். ஃபீஃபி வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான். பத்தில் ஒன்றே இவ்வளவு என்றால் மச்சானின் சம்பாத்தியம் என்ன என்று அவன் மனதுக்குள் பெருக்கிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. பெருக்கி முடித்ததும் எழுந்து, தன் கைக்குட்டையால் எக்கோவின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டான்.

எக்கோ இடத்துக்குத் திரும்பியபோது கைபேசி அராபா கையில் இருந்தது.

அவள் கோட்டைப் பார்க்கவில்லை. அதைத் தாண்டி, செலவுப் பக்கத்துக்குப் போயிருந்தாள். அங்கே வேர்க்கடலைக்கும் மின்சாரத்துக்கும் நடுவே தசமபாகம், தசமபாகம் என்று பக்கம் பக்கமாக இருந்தது.

"ஏன் எக்கோ, ஜெயிச்ச அன்னிக்கெல்லாம் பத்துல ஒண்ணு குடுத்திருக்கே. தோத்த அன்னிக்கு?"

"தோத்த அன்னிக்கு என்னத்தக் குடுக்கிறது? கையில ஒண்ணும் இருக்காதே."

"அப்ப பாஸ்டர்கிட்டேர்ந்து திருப்பி வாங்கியிருக்கணும்ல?"

அவனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவள் அவனுடைய உள்ளங்கையைப் பிடித்து, அதில் விரலால் கணக்குப் போட்டுக் காட்டினாள். இன்றைக்கு நூறு ஜெயித்தாய். பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாய். நாளைக்குத் தொண்ணூறு தோற்றாய். இரண்டு நாள் ஆட்டத்தில் உனக்குக் கிடைத்ததே பத்து. அந்தப் பத்தும் உண்டியலில் இருக்கிறது.

வருஷம் முழுக்க அப்படித்தான் நடந்திருந்தது. ஆட்டம் அவனைக் கைவிடவே இல்லை. ஜெயித்த கையோடு கொடுக்காவிட்டால் கர்த்தர் கோபித்துக்கொள்வார் என்று பயந்து பயந்து கொடுத்ததில்தான் கோடு தரையைத் தொட்டிருந்தது.

அராபா கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிக் குனிந்து பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வர, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கடைக்குப் போக வேணாம். இனிமே மாசக் கடைசியில மிஞ்சினா மட்டும் குடு."

வெளியே மழை பிடித்தது. போன வருஷம் இதே பண்டிகையில் பெஞ்சுக்குப் பெஞ்சு வாளி வைத்து, பாதி ஜனம் குடை பிடித்துக்கொண்டு பாடியது. இன்றைக்கு மழை புதுத் தகரத்தில் கொட்டு கொட்டென்று கொட்டியும் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை.

பாஸ்டர் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். மழைச் சத்தத்துக்கு மேலே கேட்கட்டும் என்று கத்தினார். சூதாட்டக் காசு ஒரு பெசெவாகூட இந்த வீட்டுக்குள் நுழையாது.

அராபா தலையை நிமிர்த்திக் கூரையை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு புருஷன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சபையிலேயே உரத்த குரலில் ஆமென் சொன்னாள்.