சூனியக்காரி ரத்தம்

"யெல்லோவாதானே இருக்கு. பிளட் எங்கப்பா?"

ஹாலோவீனுக்குச் சூனியக்காரி ரத்தம் செய்து காட்டுவதாக எட்டு வயது மகள் கயலுக்கு வாக்குக் கொடுத்திருந்தான் சபரி. தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் தயாராக இருந்தது.

"இப்ப பேக்கிங் சோடா போடு."

ஒரு ஸ்பூன் விழுந்ததும் தண்ணீர் சிவந்தது. கயல் வாயைப் பிளந்தாள். சபரிக்கோ, ஈரோட்டில் கல்யாணத்தன்று எந்தக் காலை வைப்பதென்று தெரியாமல் வாசலில் தடுமாறிய மனைவி பிரீத்தியின் முகம் நினைவுக்கு வந்தது.

அழைப்புமணி அடித்தது.

"ட்ரிக் ஆர் ட்ரீட்டுக்குப் பசங்க வந்துட்டாங்க," என்று மிட்டாய் வாளியோடு ஓடிய கயல், கதவைத் திறந்ததும் சிலையாய் நின்றாள்.

விசா முத்திரைக்காக ஊருக்குப் போய், பதினான்கு மாதம் அங்கேயே மாட்டிக்கொண்ட அம்மா, பெட்டியுடன் நின்றிருந்தாள்.

பாயப்போன மகளின் கையில் சபரி தாம்பாளத்தைக் கொடுத்தான். "முதல்ல ஆரத்தி. அப்புறம் கட்டிக்கோ."

பிரீத்தி சிவப்பையே பார்த்தாள். "இங்க சுண்ணாம்பு எங்க கிடைச்சுது?"

"சுண்ணாம்பு இல்லம்மா, பேக்கிங் சோடா. இது சூனியக்காரி ரத்தம்," என்றாள் கயல்.

பிரீத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சபரியைப் பார்த்தாள்.

"சரி, சூனியக்காரி எந்தக் காலை எடுத்து வைக்கணும்?"