தலையாட்டும் நாற்காலி

சபாக்களில் தலையாட்டும் நாற்காலி வந்த பிறகு, சென்னையில் சங்கீதம் தெரியாதவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. உட்கார்ந்தால் போதும், சரியான இடத்தில் தலையை அதுவே அசைத்துவிடும், கையைத் தூக்கித் தொடையில் தாளமும் போட்டுவிடும். மங்களம் வரை ஒரு தலையாவது ஆடாவிட்டால், பாடகருக்கு அடுத்த சீசனில் கூட்டமே வராத மத்தியானக் கச்சேரிதான்.

அன்று ஜகதீசன் ராகத்தைத் தொட்டதுமே கேன்டீனில் அசோகா அல்வா இறங்கிவிட்டது. அரங்கமே எழுந்து போயிற்று. முதல் வரிசைப் பெரியவர் ஒருவர் மட்டும் தனி ஆவர்த்தனத்துக்குக்கூட எழவில்லை. மிருதங்கக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜகதீசன் அவருக்காகவே, பல வருஷமாகத் தொடாத பல்லவியைப் பாடினார். பெரியவரின் தாளம் ஓர் இடத்திலும் பிசகவில்லை.

பல்லவி முடிந்ததும் ஜகதீசன் நெகிழ்ந்துபோய், பொன்னாடையோடு மேடையிலிருந்து இறங்கினார். அதற்குள் செயலாளர் வரதன் பெரியவரின் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, இவர் ஆரம்ப வர்ணத்துலயே காலமாயிட்டார் போலிருக்கு. உடம்பு சில்லுன்னு இருக்கு."

"அடடா. வேற யாராவது உள்ள இருக்காளா?"

"எல்லாரும் காபிக்கு நிக்கறா. ஆத்துக்குச் சொல்லி ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன். நாற்காலியை அணைச்சுடட்டுமா?"

ஜகதீசன் பொன்னாடையைப் பெரியவருக்குப் போர்த்தினார்.

"செத்த பொறுங்கோ. மங்களம் பாடிடறேன்."

மேடையேறிச் சுருதி சேர்த்து ஆரம்பித்தார். பெரியவர் தலையாட்டினார்.