இன்ஜினுக்குப் பவுடர்

டப்பாவின் மூடி கழன்று, மகளுடைய முகப்பவுடர் மொத்தமும் இன்ஜின் தலையில் கொட்டியது.

ஒரு சிட்டிகை போதும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். நான்தான் டப்பாவின் பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினேன். எந்த வேலையிலும் கடைசியாக ஒரு தட்டு அதிகமாகத் தட்டுவது என் வழக்கம்.

ஷெட் முழுக்க ரோஜா வாசனை. மகளைவிட ஒரு வயது மூத்த கார், பதினெட்டு வயதில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னதுபோல் வெள்ளை வெளேரென்று நின்றது.

ஆயில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க இது பழைய வழி. இன்ஜினைத் துடைத்து, சந்தேகம் உள்ள இடத்தில் பவுடர் தூவி, வண்டியை ஓட்டவேண்டும். ஆயில் வருகிற பாதை பவுடரில் கோடு போட்டுக் காட்டிவிடும்.

எனக்குச் சந்தேகம் இல்லை. சான்றிதழ்தான் தேவைப்பட்டது.

ஒழுகலை மூன்று வாரத்துக்கு முன்பே நான் நிறுத்திவிட்டேன். இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றி, சருகாய்க் காய்ந்திருந்த ரப்பர் பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, புதுசு மாட்டி, போல்ட்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன்.

நான் வேலை பார்த்த கம்பெனியை மூடி எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் நான் முழுதாக முடித்த வேலை அது ஒன்றுதான்.

அன்றைக்கு ஷேவ் செய்துகொண்டேன். பாடினேன் என்றுகூட வீட்டில் சொல்கிறார்கள்.

அதிலிருந்து தினமும் எட்டு மணிக்கு எழுந்ததும், ராத்திரி வண்டி நின்ற இடத்தில் விரித்த அட்டையைப் போய்ப் பார்ப்பேன். ஒரு சொட்டு இருக்காது. சாயங்காலம் கம்பியை உருவி ஆயில் அளவு பார்ப்பேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி கோட்டிலேயே நிற்கும்.

ஆனாலும் சில நாள் வண்டி உள்ளே வரும்போது லேசாகக் கருகிய வாடை.

அதை விட்டுவிட முடியாது. ஆஸ்பத்திரி மருந்தகத்தைத் திறக்க விடியலில் ஐந்தரைக்கு மனைவி இந்த வண்டியில்தான் கிளம்புகிறாள். இருபது கிலோமீட்டர். அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. வண்டி வழியில் படுத்துவிட்டால், குடும்பத்தில் உருப்படியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ஆளும் நடுரோட்டில்.

எல்லோரிடமும் கேட்டேன், நான் சரி செய்துவிட்டேனா இல்லையா என்று.

"ஓடுற வண்டிக்கு ஜாதகம் பார்க்கக் கூடாது சார்" என்றார் மெக்கானிக்.

"நீங்க நம்புறீங்கல்லப்பா? அப்ப சரி" என்றாள் மகள்.

மனைவியிடம் எப்போது கேட்டாலும் ஒரே பதில். "முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

பிடி கொடுக்காமல் பேசுவதில் மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடம்.

அதனால்தான் பவுடர். சத்தமில்லாமல் பானெட்டை மூடினேன். காலி டப்பாவை மகளின் அலமாரியிலேயே திருப்பி வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகத் தூங்கப் போனேன்.

மறுநாள் மதியம் இரண்டரைக்கு வண்டி வந்தது. மெக்கானிக்குக் காட்டப் படம் எடுக்கலாம் என்று கையில் செல்போனோடு பானெட்டைத் தூக்கினேன்.

மேல்மூடியின் விளிம்பில், நான் பல்லைக் கடித்து இறுக்கிய அதே போல்ட்டுக்கு அடியில், பவுடரைக் கிழித்துக்கொண்டு ஒரு பழுப்புக் கோடு. பென்சில் கனம். சூடான குழாய்வரை இறங்கி, அங்கே கருகியிருந்தது.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். என்னிடம் இருந்ததோ ஒரே நோயாளி.

இவ்வளவு ஒழுகியும் கம்பியில் அளவு ஏன் குறையவில்லை?

அப்போதுதான் ஆயில் ஊற்றுகிற மூடியைப் பார்த்தேன். மெக்கானிக் சொன்னபடி சிட்டிகையோடு நிறுத்தியிருந்தால் அங்கே பவுடர் விழுந்தே இருக்காது. என் தட்டின் புண்ணியத்தில் அதுவும் வெளுத்திருந்தது.

அதைச் சுற்றி ஐந்து விரல்கள். திருகித் திறந்த விரல்கள் பட்ட இடத்தில் மட்டும் பவுடர் இல்லை. சின்னக் கை.

குனிந்து தரையைப் பார்த்தேன். தினமும் சொட்டை மட்டுமே தேடியவன், அட்டையைப் பார்த்ததில்லை. நான் விரித்தது மின்விசிறி வந்த பெட்டியின் அட்டை. சக்கரங்களுக்கு நடுவே கிடந்தது மருந்துப் பெட்டி அட்டை, புத்தம் புதிது. கவனமாகக் கையாளவும் என்று அதில் அச்சடித்திருந்தது.

விடியல் இருட்டில் செல்போன் வெளிச்சத்தில் இந்த வெள்ளையை அவள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தேதான் மூடியில் கை வைத்திருக்கிறாள். ஊற்றாமல் கிளம்ப முடியாதே.

செருப்பை இழுத்துக்கொண்டு அவள் ஷெட்டுக்கு வந்தாள். எட்டு மணி நேரம் நின்ற கால்கள். வேலைக் கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. வலது கை மடிப்பில் ஒரு திட்டு வெள்ளை.

என் பக்கத்தில் நின்று அவளும் இன்ஜினைப் பார்த்தாள். இருவரும், பிரேதத்தின் பக்கத்தில் நிற்கிற உறவுக்காரர்கள் மாதிரி நின்றோம்.

"எத்தனை நாளா ஊத்துறே?" என்றேன்.

கையைக் கழுவச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பக்கவாட்டில் திரும்பி, மூன்று வாரமாக நான் தவறாமல் ஷேவ் செய்துவரும் முகத்தை ஒரு முறை பார்த்தாள்.

"நீங்க சரி பண்ண அன்னையிலேர்ந்து."