பந்தி வீடியோவும் நான்கு கோர்களும்

ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸருக்குள், தனித்தனியாக வேலை செய்யக்கூடிய நான்கு கோர்கள் இருந்தன. எந்த வேலை வந்தாலும் மூத்த கோரே இழுத்துப் போட்டுக்கொள்ளும். மற்ற மூன்றும் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அன்று வீட்டுக்காரி செண்பகவல்லி, மகளின் கல்யாண வீடியோவைச் சிறிதாக்கக் கொடுத்தாள். மூத்த கோர் கொதித்தது.

"அண்ணே, பாதியை எனக்குக் குடுங்க," என்றது கடைசி கோர்.

"உனக்கு விளக்கிச் சொல்ற நேரத்துல நானே முடிச்சிருவேன்."

"இந்தச் சூட்டை என்னால தாங்க முடியலப்பா," என்று இரைந்தது ஃபேன்.

வெளியே செண்பகவல்லியின் குரல் கேட்டது. "ஏங்க, இன்னும் பாதிகூட முடியல, இந்தக் கம்ப்யூட்டர் சரிப்பட்டு வராது. எடைக்குப் போட்டுட்டு வேற வாங்கிடலாம்."

கடைசி கோர் மறுபடி கெஞ்சவில்லை. அண்ணன் கையிலிருந்த காட்சியைப் பார்த்தது. அது கல்யாணப் பந்தி.

"அண்ணே, அங்க சோறு, சாம்பார், ரசம், அப்பளம் எல்லாத்தையும் ஒரே ஆளா பரிமாறுறாரு?"

"நாலு பேரு. அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. நான் கடைசி இலையிலிருந்து வர்றேன்."

சொன்னபடியே வீடியோவின் மறுமுனையிலிருந்து வேலையைத் தொடங்கியது. மற்ற இரண்டும் எழுந்து நடுப்பகுதியை எடுத்துக்கொண்டன. "தொடாதீங்கடா, கெடுத்துருவீங்க!" என்று மூத்தது கத்தியது. யாரும் நிறுத்தவில்லை.

சீக்கிரமே வீடியோ தயாரானது.

"பரவாயில்லையே, நல்லாத்தான் ஓடுது," என்றாள் செண்பகவல்லி.

"நான் ஒருத்தன் இருக்கப்போய் ஆச்சு," என்று மூத்த கோர் முணுமுணுத்தது.

ஃபேன் இரைச்சல் அடங்கியிருந்ததால், அது எல்லோருக்கும் கேட்டது.