நீலம் பார்க்கும் வேலை

ஆய்வகத்தில் வண்டுகளின் கண்களை ஆராயும் அம்மா, மகளுக்குப் புது நீலக் கவுனை மாட்டிவிட்டாள்.

"பிறந்தநாளும் அதுவுமா ஏன் உம்முன்னு இருக்கே, சின்னு? உனக்கு நீலம்னா உசுராச்சே."

"உன் வண்டுக்கு நீலம் தெரியுமாம்மா?"

"நீலம் பார்க்கிற ஜீன் அதோட பாட்டன் பூட்டன் காலத்துலயே தொலைஞ்சு போச்சு. அப்புறம் வேறொரு ஜீன் ரெண்டாச்சு. அதுல ஒண்ணு நீலம் பார்க்கப் பழகிக்கிச்சு."

"அப்போ அதோட பழைய வேலை?"

"அதைத்தான் கூடப்பொறந்த இன்னொண்ணு பார்த்துக்குதே."

மகள் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே முகமா பொறந்த எங்க ரெண்டு பேர்ல, நீலம் பிடிச்ச சின்னு செத்து ஒரு வருஷமாச்சும்மா. அவ வேலையை நான் பார்க்கிறேன். என் வேலையை யாரும்மா பார்ப்பா?"