விட வேண்டிய மீன்

காலையில் தங்கை ஸ்டெல்லா இறந்துபோன செய்தி வந்தபோது, கஸ்பார் படகில் தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தான். ஊரில் சாயங்காலமே அடக்கம். அவன் வேலை பார்க்கும் பவளத்தீவுக்கு அடுத்த விமானம் வர இன்னும் மூன்று நாள் இருந்தது. அவனுக்கு அழுகை வரவில்லை. யாரிடமும் சொல்லாமல், மீன் பிடிக்க வந்திருந்த பல் மருத்துவர் இளம்பரிதியை ஏற்றிக்கொண்டு ஆழமில்லாத மணல்திட்டுக்குப் போனான். முழங்கால் தண்ணீரில் மீனின் நிழலைக் கண்டு கைகாட்டுவதுதான் அவன் வேலை.

மாலையில் அவன் காட்டிய இடத்தில், இறால்போல இறகு கட்டிய தூண்டில் முள்ளை மருத்துவர் வீசினார். வெள்ளி நிற மீன் ஒன்று கவ்வி, நூலை இழுத்துக்கொண்டு வெகுதூரம் ஓடி, கடைசியில் களைத்துப்போய் வந்தது. அங்கே பிடிக்கிற மீனை உயிரோடு விட்டுவிட வேண்டும். கஸ்பார் குனிந்து முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள்ளேயே நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டான்.

“பொழைச்சிடுமா?”

“செவுள்ல தண்ணி ஓடுனா மூச்சு வந்துரும் சார்.”

வந்துவிட்டது. மீன் திமிறத் தொடங்கியது. கடல் ஏறி, தண்ணீர் அவன் தொடையைத் தொட்டது.

“போதும் கஸ்பார், விட்டுடுங்க. அது போகணும்னு துடிக்குது.”

“தங்கச்சிய இந்நேரம் குழியில எறக்கியிருப்பாவ சார்” என்றான் கஸ்பார், மணி சொல்வதுபோல.

மருத்துவர் தூண்டில் கழியைத் தாழ்த்தினார். மீன் அவன் கைகளுக்குள் உடலை முறுக்கிக்கொண்டே இருந்தது. கஸ்பார் விடவில்லை.